விவாதத்துக்கு முன் ஒரு நன்றியுரை

காளிதாசன் கையில் மைக்கைக் கொடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோயில் திருவிழாவா, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பா, நகராண்மைக் கழக ஊழியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமா, எதுவாக இருந்தாலும் படித்தவர்கள் வரவேற்புரையை எடுத்துக்கொள்வார்கள். தலைமையுரையை நன்கொடை கொடுத்தவர் எடுத்துக்கொள்வார். சிறப்புரையை வெளியூரிலிருந்து வந்தவர் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு விடமாட்டார். மிச்சம் கிடப்பது நன்றியுரை. அதற்குள் பாதிக் கூட்டம் தட்டைத் தேடிப் போயிருக்கும். யாருக்கும் வேண்டாத அந்த நன்றியுரைதான் முப்பது வருஷமாகக் காளிதாசனின் பங்கு.

அவர் அதை ஏனோதானோ என்று செய்கிறவர் இல்லை. அதற்கென்று சில சட்டதிட்டங்கள் வைத்திருந்தார். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் ஆரம்பிக்கக்கூடாது. எல்லோருக்கும் பின்னால், கதவோரமாக நிற்கிறவரிடம்தான் ஆரம்பிக்க வேண்டும். அண்டா கழுவியவர், நாற்காலி இறக்கியவர், மைக் செட்டுக்காரர் எல்லாரும் ஆன பிறகுதான் டத்தோ பட்டம் வாங்கியவர்களும் தலைவர்களும். சும்மா பெயரை மட்டும் வாசிக்கக்கூடாது, இன்னார் இன்னது செய்தார் என்று சொல்ல வேண்டும். சொந்த வீட்டு ஆட்களின் பெயர் வரவே கூடாது. கடைசியில், பெயர் விடுபட்டிருந்தால் மன்னிக்கும்படி கேட்டு, நிகழ்ச்சி இனிதே நிறைவு பெற்றது என்று அறிவித்து, எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போகும்படி சொல்ல வேண்டும். இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் மீகூன் சேமியா ஆறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அண்டா கழுவியவரின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். இருபது வயதில் டவுனுக்கு வந்து நகராண்மைக் கழகத்தில் குப்பை லாரி ஓட்ட ஆரம்பித்து, அறுபதில் பென்ஷன் வாங்கிக்கொண்டு இறங்கினார். எந்த நகராண்மைக் கழகம் என்று கேட்க வேண்டாம். கெடா மாநிலத்தில்தான், அவ்வளவு போதும். நாற்பது வருஷ லாரி வாசனை சட்டையை விட்டுப் போக ஒரு வருஷம் ஆனது என்று அவர் மனைவி அழகம்மா இன்றைக்கும் சொல்லுவாள்.

அழகம்மாவுக்குச் சர்க்கரை. நாலு வருஷத்துக்கு முன்னால் அது இரண்டு சிறுநீரகத்தையும் சாப்பிட்டுவிட்டது. வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் படுத்து ரத்தம் கழுவ வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்கு முன்னால் பெரிய வரிசை இருந்தது. அப்போது கைகொடுத்தது நகராண்மைக் கழகம்தான். ஓய்வுபெற்ற ஊழியருக்கோ அவர் வீட்டாருக்கோ அரசாங்க ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காவிட்டால், வெளியில் செய்துகொள்ளும் வைத்தியத்துக்குக் கழகமே பணம் கட்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கவுண்டரில் ஒரு கடிதம் அடித்துக் கொடுப்பார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டினால் பாசார் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தர்ம டயாலிசிஸ் மையத்தில் அழகம்மாவுக்கு ஒரு நாற்காலி. நாலு வருஷமாக அவள் உயிர் அந்தக் கடிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தத் திட்டத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது, இனித் தாங்காது, நிறுத்திவிடலாம் என்று கழகத்தின் நிதிக்குழு ஒரு தீர்மானம் தயாரித்துவிட்டது. புதன்கிழமை முழுமன்றக் கூட்டத்தில் விவாதம், அன்றே வாக்கெடுப்பு. அழகம்மாவின் கடிதம் அதே புதன்கிழமையோடு முடிகிறது. புதுக் கடிதம் கேட்டுப் போனபோது கவுண்டர் கிளார்க் ஜைனல், கூட்டம் முடியாமல் எதையும் அடிக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஓய்வுபெற்றோர் சங்கம் சும்மா இருக்கவில்லை. சங்கத் தலைவர் சத்தியசீலன், கழகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர், நல்ல குரல்வளம் உள்ளவர், கழகத் தலைவரை நேரில் பார்த்து, விவாதத்துக்கு முன் சங்கத்தின் சார்பில் ஒருவர் ஐந்து நிமிஷம் பேச அனுமதி வாங்கிவிட்டார். அனல் பறக்க ஓர் உரை எழுதினார். எழுதியதைக் குளியலறையில் காலையும் மாலையும் முழங்கிப் பார்த்தார். நாலு நாள் முழங்கியதில் செவ்வாய்க்கிழமை அவர் தொண்டை அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

சங்கத்தில் மற்றவர்கள் லாரியில் பின்னால் நின்றவர்கள், சாலை கூட்டியவர்கள், சாக்கடையில் இறங்கியவர்கள். மைக்கைப் பார்த்தாலே ஒதுங்கி நிற்பார்கள். மைக் பிடித்துப் பழகிய கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செவ்வாய் சாயங்காலம் சத்தியசீலன் வீடு தேடி வந்து, உரையைக் காளிதாசன் கையில் திணித்து, முதல் வரியை விரலால் குத்திக் காட்டிவிட்டுப் போனார். ‘நாங்கள் பிச்சை கேட்க வரவில்லை, உரிமையைக் கேட்க வந்திருக்கிறோம்’ என்று மலாயில் எழுதியிருந்தது.

புதன்கிழமை காலையில் காளிதாசன் எழுந்தபோது வீடு முழுக்க நெய் வாசனை. அழகம்மா அடுப்படியில் உட்கார்ந்த வாக்கில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் வைக்கக்கூடாத பண்டம். கேட்டதற்கு, மையத்துப் பிள்ளைகளுக்கு என்றாள். யாருக்காவது பிறந்தநாளாக இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். அவர் கவனமெல்லாம் உரையில் இருந்தது. கல்யாணச் சீராக வந்த பெரிய எவர்சில்வர் தூக்கில் கேசரியைப் போட்டு மூடினாள். அந்தத் தூக்கை அவள் யார் வீட்டிலும் விட்டு வந்ததே கிடையாது. ஒரு தடவை அதன் மூடியைச் செமிலிங்கில் ஒரு கல்யாண வீட்டில் மறந்து வைத்துவிட்டதற்காக, வீட்டு வாசல்வரை ஓட்டிவந்த காடியை அப்படியே திருப்ப வைத்தவள்.

அவர் நீளக்கை பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது அவள் பொத்தானைச் சரிசெய்துவிட்டாள்.

“இந்தாங்க, நான் சொல்றதக் கேளுங்க. பழக்க தோசத்துல அங்க போயி நன்றி சொல்லிட்டு நிக்காதீங்க. நாம கேக்கப் போறோம். கேட்டுட்டு வாங்க.”

“எனக்குத் தெரியாதா? சத்தியசீலன் அண்ணன் எழுதிக் குடுத்தத அப்படியே படிக்கப்போறேன்லா.”

அவளை மையத்து வாசலில் இறக்கிவிட்டு, தூக்கை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, காளிதாசன் கழகத்துக்குப் போனார். காடியில் போகும்போது இன்னொரு யோசனையும் அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. போன வாரம், அழகம்மா மையத்தில் இருந்த நேரம் பார்த்து, ஒரு வீட்டுத் தரகரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டியிருந்தார். கடிதம் நின்றுபோனால் வீட்டை விற்பது. விற்ற காசு தீர்ந்தபிறகு என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. மகன் ஜோகூரில் மூன்று பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறான், அவனிடம் கேட்க வாய் வராது.

மன்ற மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. நடுவில் வளைவான மேசையில் உறுப்பினர்கள், மேலே தலைவர், பின்னால் பார்வையாளர் நாற்காலிகளில் ஓய்வுபெற்றவர்கள். நிதிக்குழுத் தலைவி ஷாமளா முதலில் தீர்மானத்தை விளக்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கணக்காய்வாளர். நம்ம பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில் பின்வரிசைக்கு ஒரு பக்கம் பெருமை, அவளே கத்தியைத் தீட்டுகிறாளே என்று இன்னொரு பக்கம் கோபம்.

ஆனால் அவள் சொன்னது அநியாயம் இல்லை. போன மழையில் மூன்று தாமான் குடியிருப்புகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, வாய்க்காலைப் பெரிதாக்க நிதி இல்லை. பாதித் தெருவில் விளக்கு எரியவில்லை. வேலையில் இருப்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், ஓய்வுபெற்றவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். இப்படியே போனால் இப்போது லாரியில் ஓடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே சிரமமாகிவிடும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் காளிதாசன் தன்னையறியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த சத்தியசீலன் அவர் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

அடுத்து, சங்கப் பிரதிநிதிக்கு ஐந்து நிமிஷம் என்று தலைவர் அறிவித்தார்.

காளிதாசன் மைக் முன்னால் போய் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாளைப் பிரித்தார். அவையோருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ‘நாங்கள் பிச்சை கேட்க வரவில்லை’ என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தார். அதற்கு முன் ஒரு தடவை மண்டபத்தைப் பார்த்ததுதான் தப்பாகிப் போயிற்று. முப்பது வருஷப் பழக்கம், அவர் கண் தானாகக் கடைசிக் கதவுக்குப் போனது. அங்கே தண்ணீர்ப் போத்தல் தட்டோடு, சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார் கவுண்டர் கிளார்க் ஜைனல். கூட்ட நாளில் அந்த வேலையும் அவர் தலையில்தான்.

நாலு வருஷமாக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கடிதம் அடித்துக் கொடுத்த கை. ஒரு தடவை கவுண்டரில் கடிதம் அடிக்கும் மெஷின் கெட்டுப்போய்க் கிடந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போய், மழையில் நனைந்துகொண்டு அடித்து வந்து கொடுத்தவர். அந்த மனுஷருக்கு ஒரு தடவைகூட வாய்திறந்து நன்றி சொன்னதில்லையே என்ற நினைப்பு காளிதாசனை அப்படியே உலுக்கிவிட்டது. இந்த மைக் இனித் தன் கைக்கு வருமோ வராதோ. பிச்சையும் உரிமையும் அவர் நாக்கை விட்டு இறங்கிப் போயின.

மலாயில்தான் பேசினார். முதலில் ஜைனலுக்கு நன்றி சொன்னார், மழையையும் மோட்டாரையும் விடாமல். ஜைனல் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். அடுத்துக் கீழே காவலுக்கு இருப்பவர், பென்ஷன்காரர்களுக்கு லிஃப்டைப் பிடித்து வைத்திருப்பவர். அடுத்து, இன்றைக்குத் தன் லோரோங் சந்தில் குப்பை எடுக்கும் இரண்டு பேர். நடக்க முடியாதவர்கள் வீட்டு வாசலில் தொட்டி வெளியே வராவிட்டால், உள்ளே வந்து எடுத்துப் போகிறார்கள், அது அவர்கள் வேலை இல்லை என்றார். அடுத்து, கடைக்காரர்கள், அங்காடிக்காரர்கள், வீட்டு வரி கட்டுகிறவர்கள். லாரி நெருங்கினால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஜனங்கள்தான், ஆனால் அவர்கள் கட்டிய வரியில்தான் நாங்கள் படுத்தபோது வைத்தியம் நடந்தது, அவர்கள் ஒருவர்கூட எங்கள் பெயரைக் கேட்டதில்லை என்றார்.

தன் லாரியில் இருபது வருஷம் பின்னால் நின்று வந்த சுல்கிப்லி, அதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் இருதயக் குழாய் அடைத்துக்கொண்ட அன்று இந்தக் கழகம் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டது, கூச்சக்காரர் என்பதால் அவருக்கும் சேர்த்துத் தானே நன்றி சொல்லிவிடுவதாகச் சொன்னார். சுல்கிப்லி எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்துக் குனிந்துவிட்டு உட்கார்ந்தார். சுவரில் படமாகத் தொங்கும் பழைய தலைவர்களுக்கு நன்றி. தங்களுக்கு எந்த லாபமும் இல்லாத ஒரு திட்டத்தைப் போட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். கடைசியில் ஷாமளாவுக்கும் நன்றி சொன்னார். சத்தமில்லாமல் ஒரு கடிதத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம், அப்படிச் செய்யாமல் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கஷ்டம் இன்னது என்று எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னதற்கு நன்றி என்றார்.

மணி அடித்தது. ஐந்து நிமிஷம் முடிந்தது என்று அர்த்தம். மணிச் சத்தம் கேட்டதும் காளிதாசனின் வாய், முப்பது வருஷமாக எதைச் சொல்லிப் பழகியிருந்ததோ அதைச் சொன்னது. பெயர் விடுபட்டிருந்தால் மன்னிக்க வேண்டும், இத்துடன் இன்றைய நிகழ்ச்சி இனிதே நிறைவு பெற்றது, அனைவரும் இருந்து சாப்பிட்டுப் போகும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் நடந்ததை நம் நாட்டுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் விளங்கவைக்க முடியாது. நன்றியுரை முடிந்தால் எழுந்து சாப்பிடப் போக வேண்டும் என்பது பாலர்பள்ளியிலிருந்து நம் எல்லோருக்கும் ஊறிப்போன பாடம். உறுப்பினர்களில் பாதிப்பேர் கோப்பை மூடிவிட்டு எழுந்தார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டு, பக்கத்து அறையில் காத்திருந்த கேன்டீன்காரர்கள் கூட்டம் முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்துவிட்டார்கள். சுடச்சுடப் பொரித்த கறிபாப் பலகாரத்தின் வாசனை மண்டபத்துக்குள் வந்தது. அடுத்து விவாதம் என்று சொல்ல வாயெடுத்த தலைவர், நின்றுகொண்டிருந்த தன் மன்றத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் இடைவேளை என்றார்.

அப்போதுதான் காளிதாசனுக்கு உறைத்தது. கையில் தாள் பிரித்தபடியே இருந்தது. ஒரு வரி படிக்கவில்லை. எதைக் கேட்க வந்தாரோ அதைக் கேட்கவே இல்லை.

சத்தியசீலன் அவரை நோக்கி வந்த வேகத்தைப் பார்த்துச் சிலர் வழிவிட்டார்கள். வந்தவர் வாயைத் திறந்து திட்டினார். திட்டு முழுவதும் காற்றாகவே வந்தது. தாளைக் குத்தினார், தன் நெற்றியில் அறைந்துகொண்டார், மேலே கூரையைக் காட்டினார். காளிதாசன் மனசுக்குள், நல்லவேளை அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று கடவுளுக்கும் ஒரு நன்றி சொல்லிக்கொண்டார். டீயை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். அழகம்மா சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று. அதையும் கோட்டைவிட்டாயிற்று. இந்த நேரம் அவள் கையில் ஊசி ஏறியிருக்கும், ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது டீயைக் கீழே வைத்துவிட்டார்.

ஷாமளா ஒரு தட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அங்கிள், நீங்க சண்ட போடுவீங்கன்னு நெனச்சு எல்லாத்துக்கும் பதில் ரெடியா வச்சிருந்தேன். இப்ப அத எங்க கொண்டுபோய்ப் போடுறதுன்னு தெரியல.”

காளிதாசன் சிரித்து வைத்தார். அவள், ஜைனல் மழையில் நனைந்து கொண்டுவந்தாரே, அந்தக் கடிதம் யாருக்கு என்று கேட்டாள்.

“வீட்டுக்காரிக்கும்மா. சிறுநீரகம் ரெண்டும் போச்சு. இந்நேரம் ரத்தம் கழுவிக்கிட்டு இருப்பா.”

“இத ஏன் அங்கிள் மைக்ல சொல்லல?”

“நன்றியுரையில சொந்த வீட்டாளு பேரு வரக்கூடாதும்மா. அது வழக்கம் இல்ல.”

ஷாமளா கறிபாப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். நிதிக்குழு மேசையில் மருத்துவச் செலவு என்று ஒரே தொகையாகத்தான் பார்த்ததாகவும், அதில் எவ்வளவு இருமலுக்கும் சளிக்கும் போகிறது, எவ்வளவு இயந்திரத்துக்குப் போகிறது என்று தான் பிரித்துப் பார்க்கவில்லை என்றும் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் மற்ற உறுப்பினர்களோடு நின்றாள். அங்கே ஏற்கெனவே வேறு கதைகள் நடந்துகொண்டிருந்தன. கழகத் தலைவர், சுல்கிப்லியின் தோளில் கைபோட்டு அவர் நெஞ்சைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். ஓர் உறுப்பினர் ஜைனலைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தானே ஒரு டீ ஊற்றிக் கொடுத்தார். மன்ற மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்தவர்கள் ஒரே மீகூன் தட்டைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் அவர்கள் வாக்கெடுத்துவிட்டுத்தான் சாப்பிட வந்திருப்பார்கள்.

மீண்டும் உட்கார்ந்ததும் ஷாமளா தன் தீர்மானத்தைத் தானே திருத்தினாள். சாதாரணக் காய்ச்சல் தலைவலிக்கெல்லாம் தனியார் கிளினிக் இனி இல்லை, அரசாங்கக் கிளினிக்குக்குப் போகட்டும். அதில் மிச்சமாவது வாய்க்காலுக்குப் போகட்டும். டயாலிசிஸ், இருதயம், புற்றுநோய், இப்படி நிறுத்தினால் ஆள் பிழைக்காத வைத்தியங்கள் தொடரட்டும். இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். தெருவிளக்குக்கு யார் பதில் சொல்வது என்று ஒருவர் மேசையைத் தட்டினார். அவர் கேட்டதும் நியாயம்தான் என்று காளிதாசனுக்குப் பட்டது, ஆனால் இந்தத் தடவை தலையாட்டாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். வாக்கெடுப்பில் கைகள் தூக்கப்பட்டன. திருத்தம் நிறைவேறியது.

பின்வரிசையில் சிலருக்கு முணுமுணுப்பு இருந்தது. கிளினிக் போய்விட்டதே என்று. சத்தியசீலனும் தன் தொண்டைக்கு இனி அரசாங்கக் கிளினிக் வரிசையில்தான் நிற்க வேண்டும். இருந்தாலும் அவர் எழுந்து வந்து காளிதாசனைக் கட்டிக்கொண்டார். ஏதோ சொன்னார், இதுவும் காற்றாகத்தான் வந்தது. காளிதாசன் மைக்கைப் பார்த்தார். அவர் எழுந்திருக்கப் போவதைப் பார்த்துவிட்ட தலைவர், நீங்கள் முன்பே நன்றி சொல்லிவிட்டீர்கள் என்று கையைக் காட்டி உட்கார வைத்தார். மண்டபம் சிரித்தது.

மையத்துக்குக் காடி ஓட்டி வந்தபோது காளிதாசன் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வாசலிலேயே தாதி அஃப்ஸானா எதிர்ப்பட்டாள். பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். நாலு வருஷமாக அழகம்மாவுக்கு ஊசி போடுகிறவள் அவள்தான். முகம் வாடியிருந்தது.

“அங்கிள், ஆண்ட்டி வேற சென்டருக்கு மாறுறாங்களா?”

“இல்லியே. யாரு சொன்னா?”

“அப்பறம் ஏன் அங்கிள் இன்னைக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் நன்றி சொன்னாங்க? தரை கூட்டுற அக்காகிட்ட ஆரம்பிச்சாங்க. அப்பறம் வேன் டிரைவரு, அப்பறம் நாங்க, கடைசியிலதான் டாக்டரு. யாரு யாரு என்ன செஞ்சோம்னு எல்லாம் சொன்னாங்க. கேசரித் தூக்க சென்டர்லயே வச்சுக்கச் சொல்லிட்டாங்க.”

காளிதாசன் அப்படியே நின்றார். காலையில் வந்த நெய் வாசனை இப்போதுதான் அவருக்கு விளங்கியது. முப்பது வருஷமாக அவருடைய நன்றியுரையைக் கேலி செய்தவள், கடைசிக் கதவிலிருந்து ஆரம்பிக்கும் அந்த வரிசையை ஒன்றுவிடாமல் மனசில் வாங்கி வைத்திருந்திருக்கிறாள். எந்த நிகழ்ச்சியை முடிக்கிறாள் என்று நினைத்தபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர் துடைக்கக்கூட இல்லை.

உள்ளே அழகம்மா ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் காரியம் கெட்டுவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

“சரி விடுங்க. கேட்டீங்களா, இல்லியா?”

“கேக்கல.”

“நன்றி சொல்லிட்டு வந்துட்டீங்க.”

“ஆமா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. காளிதாசன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மன்றத்தில் நடந்ததையெல்லாம் ஜைனலிலிருந்து கறிபாப் வரைக்கும் சொன்னார். கடிதம் தொடரும் என்று சொன்ன இடத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். பஞ்சை அழுத்தியிருந்த விரல் நழுவி, அவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு, வீட்டைப் பார்க்கத் தரகர் வந்து போனது பக்கத்து வீட்டார் மூலம் தனக்குத் தெரியும் என்றாள்.

“வீட்ட வித்து என்னைய எத்தன மாசம் வச்சிருப்பீங்க? காயிதம் இல்லன்னா இன்னையோட போதும்னு முடிவு பண்ணிட்டேன். இத்தன வருசம் பாத்துக்கிட்டாங்க. சொல்லாமக் கொள்ளாமப் போறது மரியாத இல்லல்ல?”

காளிதாசன் அவள் கையை விடாமலே சொன்னார்.

“அழகு, நான் நிகழ்ச்சி முடிஞ்சதுன்னு சொன்ன பெறகுதான் அங்க எல்லாமே ஆரம்பிச்சுது. டீய குடிச்சிட்டுத் திரும்ப வந்து உக்காந்தாங்க. நீயும் வந்து உக்காரு.”

பஞ்சை எடுத்துவிட்டு ஒட்டுப் போட்டதும், அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து மெதுவாக நடந்தாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். மூலையில் துடைப்பத்தோடு நின்ற பெண், தாதிகள், அஃப்ஸானா, எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தத் தூக்கக் கழுவி வைம்மா,” என்றாள் அழகம்மா. “வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கிறேன்.”